நாங்கூழ்ப் புழுவுக்குப் புகழ் வேண்டாமா?

மனோன்மணீயம் என்றவுடன் எம்மில் பெரும்பாலானோருக்கு நினைவில் வருவது அதன் தொடக்கத்திலுள்ள தமிழ்த்தாய் வாழ்த்து. 1970ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு அதைத் தனது விழாக்களுக்குரிய பாடலாக ஏற்றுக்கொண்ட பின்னர், அந்த வாழ்த்து நாடகத்தை விட்டுத் தனியே நடந்து போய்விட்டது. நாடகத்தை முழுவதும் படித்தவர்கள் குறைவு. அதற்குள் ஒரு மண்புழு இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் அதிலும் குறைவு.

நாடகத்தை எழுதிய பெ. சுந்தரம்பிள்ளை 1855இல் ஆலப்புழையிற் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அதன் பின் ஆறு ஆண்டுகளே அவர் இருந்தார். 42 வயதில் மறைந்துவிட்டார். நாடகத்திலே நடராசன் என்றொரு பாத்திரம். தனியே நிற்கும்போது கண்ணிற் படுகின்ற சின்னஞ்சிறு பொருள்களை நோக்கி அவன் பேசத் தொடங்குகிறான். ஒரு சிறு புல்லைப் பார்த்து வியக்கிறான். பிறகு ஒரு நாங்கூழ்ப் புழுவைக் காண்கிறான். நாம் மண்புழு என்று சொல்வதற்குப் பழைய தமிழ்ப் பெயர் அது. ஊரிலே ஒரு பெரியவரைக் கண்டால் எப்படிப் பேசுவோமோ, அப்படி அவன் அந்தப் புழுவோடு பேசுகிறான். உழைப்பவர்களுள் உழவனின் உழைப்பே பெரிது, அந்த உழவனுக்கும் முன்னால் நின்று உழுகிறவன் நீ என்கிறான். எப்படிப்பட்ட மண்ணையும் அது நல்ல மண்ணாக்குகிறதாம். உண்ட மண்ணை மெழுகிலும் மென்மையாக்கி வெளியே கொண்டுவந்து வைக்கிறதாம். அவ்வளவும் செய்துவிட்டு, பெயரெடுக்க விரும்பாத சான்றோரைப் போல, தன் வளையின் வாயை ஒரு மண்ணுருண்டையால் மூடிக்கொண்டு உள்ளே ஒளிந்துவிடுகிறதாம்.

இந்தக் கடைசிக் கருத்தைப் பற்றியே இந்த இதழில் அன்பர்களோடு சிறிது பேச விரும்புகின்றோம். புழு தன் வாசலை மூடுகிறது என்பது உண்மை. ஆனால் புகழ் வேண்டாம் என்றா மூடுகிறது?

இந்தக் கேள்வியை உண்மையிலேயே புழுவிடம் கேட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. மனோன்மணீயத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்னர், 1881 ஒக்டோபரில், சாள்ஸ் டார்வின் தமது கடைசி நூலை வெளியிட்டார். மண்புழுக்கள் எவ்வாறு மேல்மண்ணை உண்டாக்குகின்றன என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்துவிட்டார். உயிர்களின் தோற்றத்தைப் பற்றி எழுதி உலகத்தையே கலக்கியவர், முதுமையில் பூச்சட்டிகளிலே புழு வளர்த்துக்கொண்டு இருந்தார் என்பது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அவருக்கோ அது ஏறத்தாழ 44 ஆண்டு வேலை. 1837இல் லண்டன் புவியியற் சங்கத்திலே அவர் படித்த ஒரு கட்டுரை இதே பொருளைப் பற்றியது. அதற்கு முதல் தூண்டுதல் தந்தவர் அவருடைய மாமனார் ஜொசையா வெட்ஜ்வுட். வயலின் மேல் போட்ட சுண்ணாம்பும் சாம்பற்கட்டியும் சில ஆண்டுகளில் புல்லுக்கு அடியிலே போய்விட்டன, இது புழுவின் வேலையாக இருக்கலாம் என்று அவர்தான் காட்டினார்.

டார்வின் அதைக் கேட்டு உடனே நம்பிவிடவுமில்லை, மறுத்துவிடவுமில்லை. 1842 டிசம்பரில் தமது வீட்டருகே இருந்த ஒரு புல்வெளியில் உடைந்த சோக்குக் கற்களைப் பரப்பி வைத்தார். பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871 நவம்பரில் அங்கே ஒரு நீள்குழி வெட்டிப் பார்த்தார். சோக்குப் படை மேற்பரப்பிலிருந்து 7 அங்குலம் கீழே கிடந்தது. விடை காண 29 ஆண்டுகள்! பத்து நிமிடத்தில் விடை வராவிட்டால் கேள்வியையே மறந்துவிடுகின்ற எமக்கு இந்தப் பொறுமை கொஞ்சம் அச்சத்தையே தருகிறது.

இடையிலே, 1869இல், பிஷ் என்ற தோட்டக்கலைஞர் ஒருவர் தோட்டக்காரர்களுக்கான ஒரு பத்திரிகையில் டார்வினை மறுத்து எழுதினார். புழு எவ்வளவு சிறியது, எவ்வளவு பலவீனமானது; அது இவ்வளவு பெரிய வேலையைச் செய்தது என்பதை எப்படி ஏற்பது என்பது அவர் வாதம். டார்வின் இதை மறக்கவில்லை. 12 ஆண்டுகள் கழித்துத் தம் நூலில் இதற்கு விடை சொன்னார். திரும்பத் திரும்ப நிகழும் ஒரு சிறு காரணத்தின் விளைவைக் கூட்டிப் பார்க்க மனிதருக்கு இயலாமல் இருக்கிறது, அறிவியலின் முன்னேற்றத்தைப் பலமுறை தடுத்தது இந்த இயலாமைதான் என்ற பொருள்பட எழுதினார். கூட்டியும் காட்டினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்திலே ஆண்டுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கணக்கை அவர் தனியே போடவில்லை. இங்கேதான் கடிதங்கள் வருகின்றன. டார்வின் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர், உடல்நலம் குன்றியவர். கால் போகாத இடமெல்லாம் அவருடைய தபால் போயிற்று. அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 15,000 கடிதங்களுக்கு மேல் இன்று கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்களெல்லாம் பேராசிரியர்கள் அல்லர். தோட்டக்காரர்கள், பாதிரிமார், உறவுக்காரப் பெண்கள் என்று பலரும் இருந்தார்கள். இங்கிலாந்தில் சறேப் பகுதியிலே ஒரு பெண்மணி, இரண்டு சதுர யார் நிலத்தைக் குறித்து வைத்து, அதிலே புழுக்கள் தள்ளிய மண்ணை ஓராண்டு முழுவதும் சேகரித்து நிறுத்துக் கொடுத்தார். அவருடைய துல்லியத்தைத் தாம் முழுமையாக நம்பலாம் என்று டார்வின் எழுதினார். ஆனால் பெயரை எழுதவில்லை. இதை அன்பர்கள் மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எமது பக்கத்து நாடுகளிலிருந்தும் அவருக்குத் தபால் போனது. கல்கத்தா தாவரவியற் பூங்காவிலே ஜோன் ஸ்கொட் என்பவர் இருந்தார். எடின்பரோவில் சாதாரணத் தோட்டப் பணியாளராக இருந்த காலத்தில், 1862இல், ஓர் ஓர்க்கிட் செடியைப் பற்றி டார்வின் எழுதியதில் பிழை இருக்கிறது என்று துணிந்து அவருக்கே கடிதம் போட்டவர் இவர். டார்வினுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் ஸ்கொட் அந்த வேலையை விட்டபோது, இந்தியாவுக்குக் கப்பற் செலவைக் கொடுத்து அனுப்பியவரும் டார்வினே. ஸ்கொட் கல்கத்தாவிலிருந்து புழுக்களைப் பற்றிய தகவல்களை எழுதி அனுப்பினார். நூல் வெளிவருவதற்கு முதல் ஆண்டு, 1880இல், அவர் இறந்துவிட்டார். அதே பூங்காவின் பொறுப்பாளராக இருந்த வைத்தியர் ஜோர்ஜ் கிங், நீலகிரி மலையிலே புழுக்கள் தள்ளிய மண்குவியல்களைப் பற்றிய விவரங்களைக் கொடுத்தார். அவற்றுட் பெரியது கால் இறாத்தலுக்கும் மேல் நிறையுள்ளது. நீலகிரிப் புழுவின் மண்குவியல் ஒன்று உள்ள அளவிலேயே டார்வினின் நூலில் படமாக அச்சாகியிருக்கிறது. கிங் இலங்கைக்கும் குறுகிய காலம் போயிருந்தார். அங்கே ஏறத்தாழ 2 அடி நீளமும் அரை அங்குலத் தடிப்பும் உள்ள ஒரு புழுவைக் கண்டதையும், மழைக்காலத்தில் அது அங்கே சர்வசாதாரணம் என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் டார்வினுக்குத் தெரிவித்தார். பேராதனைப் பூங்காவிலிருந்து துவெயிற்ஸ் என்பவர் செடிகளைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் அவருக்கு எழுதிவந்தார். நீலகிரி மண்ணும் இலங்கைப் புழுவும் இப்படித்தான் அந்த முதியவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

சரி, வாசல் மூடும் கதைக்கு வருவோம்.

புழு தன் வளைவாயை இலைகளாலும் சிறு கற்களாலும் அடைத்து வைக்கிறது. ஏன்? டார்வின் பல காரணங்களை எண்ணிப் பார்த்தார். பறவைகளின் கண்ணிற் படாமல் வாசலருகே கிடப்பதற்காக இருக்கலாம். மழைநீர் புகாமல் இருப்பதற்காக இருக்கலாம். இரவிலே நிலத்தை ஒட்டிக் குளிர்ந்து கிடக்கும் காற்று உள்ளே இறங்காமல் தடுப்பதற்காக இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்கு ஆதரவாக அவர் கண்டது சுவையானது. நெருப்பு மூட்டிய சூடான அறையிலே சட்டிகளில் வைத்த புழுக்கள் தம் வாசலைச் சரியாக அடைக்கவில்லை. ஏதோ கடமைக்குச் செய்வதுபோல அரைகுறையாக விட்டுவிட்டன! தை மாதத்தில் மொன்றியலிலே கதவைச் சாத்தி இடுக்கில் துணி செருகி வைக்கின்ற எமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. நாம் கதவைச் சாத்துவது அடக்கத்தினால் அல்ல.

புழு வெறும் இயந்திரம் என்றும் அவர் சொல்லவில்லை. காகிதத்தை நீண்ட முக்கோணங்களாக வெட்டிப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். மொத்தம் 303 முக்கோணங்கள். அவற்றில் நூற்றுக்கு 62 கூர்முனையாற் பிடித்து இழுக்கப்பட்டிருந்தன. அடிப்பக்கத்தால் இழுக்கப்பட்டவை 23, நடுப்பகுதியால் 15. எதைப் பிடித்தால் வளைக்குள் இலகுவாகப் போகும் என்று அவை தடவித் தடவி அறிந்தே செய்கின்றன, ஆகவே ஏதோ ஓரளவு அறிவு அவற்றுக்கு உண்டு என்று முடிவு செய்தார். அவருடைய மகன் பஸூன் வாசித்தும் புழுக்கள் அசையவில்லை. சட்டிகளைப் பியானோவின் மேல் வைத்து ஒரு கட்டையை அழுத்தியபோது, அதிர்வை உணர்ந்து உள்ளே ஓடின. செவியில்லை, தொடுவுணர்வு உண்டு.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி வைத்திருப்பது நாம் பள்ளியில் படித்ததே. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவின. நத்தையும் அதன் இனமும் ஈரறிவின. அந்த அடுக்கில் மண்புழு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஈரறிவோடு அதைச் சேர்ப்பது பொருத்தமாகலாம். ஆனால் ஓர் உயிரை அடுக்கில் ஒரு படியில் வைத்துவிட்டால், அதைப் பார்த்து முடித்துவிட்டோம் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. மரத்துக்குத் தொடுவுணர்வு உண்டு என்று எம் முன்னோர் சொன்னது பெரிய காரியம். அதற்குப் பிறகு எத்தனை பேர் ஒரு மரத்தின் அருகே இரவு முழுவதும் இருந்து பார்த்தோம்?

பொழுதுபட்ட பின் இலை பறிக்கக்கூடாது, மரம் தூங்குகிறது என்று எம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். புளியிலையும் அகத்தியிலையும் தொட்டாற்சுருங்கியும் மாலையிலே மடிந்துகொள்வதை ஊரிலே எல்லோரும் கண்டிருக்கிறோம். டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் செடிகளின் அசைவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்கள். எமது நாட்டிலே தொழுகண்ணி என்று சொல்லப்படும் செடி அதிலே பெரிய இடம் பெறுகிறது. தொடாமலே அதன் சிற்றிலைகள் தாமாக ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். இலைகள் இரவில் ஏன் மடிகின்றன என்பதையும் தந்தையும் மகனும் சோதித்தார்கள். சில செடிகளின் இலைகளை மடியவிடாமல் தக்கையில் ஊசியாற் குத்தி விரித்து வைத்து, தெளிந்த வானுள்ள குளிரிரவில் வெளியே விட்டார்கள். விரித்து வைத்த இலைகள், தாமாக மடிந்த இலைகளை விட அதிகம் கருகின. தூக்கம் என்று நாம் அன்போடு சொல்வது குளிருக்குப் போர்த்துக்கொள்வது போன்றதொரு செயல். புழு வாசலை அடைப்பதும் இலை மடிவதும் ஒரே குளிருக்கு அஞ்சியா என்று எண்ணும்போது எமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. பாட்டி சொன்னது அதனாற் குறைந்துபோகவில்லை. மரத்தை இரவிலே தொந்தரவு செய்யாதே என்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

சுந்தரம்பிள்ளை பாடியதையும் நாம் குறை சொல்ல வரவில்லை. அவர் காலத்தில் ஒரு தமிழ் நாடகத்திலே புழுவை நிறுத்தி அதற்கு நன்றி சொல்ல வைத்தது சாமானியமான துணிவு அல்ல. எறும்புகள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தப் புழுவைத் துன்புறுத்துவதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். பார்க்கத் தெரிந்தவர் அவர். எமது கவலை அவரைப் பற்றியது அல்ல. அந்தப் பாராட்டை எடுத்து நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியது.

எந்தக் கோயிற் சபையின் ஆண்டறிக்கையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: பெயர் குறிப்பிட விரும்பாத தொண்டர்கள் அனைவருக்கும் எமது நன்றிகள். இந்த மலரிலும் அவ்வாறு அச்சாகியிருக்கிறது. திருவிழாக் காலத்தில் விடிய நாலு மணிக்கு மடைப்பள்ளியில் அரிசி களைபவர், நூற்றுக்கணக்கானோர் உண்டபின் பெரிய கிடாரங்களைக் கழுவுபவர், வாசலிலே ஈரச் சப்பாத்துகளை அடுக்குபவர், பூசைக்கு ஆட்கள் வருமுன் படிக்கட்டில் பனி தள்ளி உப்புப் போடுபவர், இவர்களெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். பெயர் குறிப்பிட விரும்பவில்லை என்று இவர்களுள் யார் எப்போது சொன்னார்கள்? யார் கேட்டார்கள்?

சிலர் உண்மையாகவே விரும்பமாட்டார்கள். இறைவனுக்குச் செய்ததை மனிதருக்குச் சொல்லுவானேன் என்பது அவர்களுடைய கொள்கை. அதை நாம் வணங்குகிறோம். ஆனால் எல்லோருக்கும் அதுவே காரணம் என்று எழுதிவிடுவது எமக்கு வசதி. ஒருவர் இரவு வேலை முடித்து நேரே மடைப்பள்ளிக்கு வந்தவர். எண்ணெய் பட்ட உடுப்போடு மேடைக்கு வரக் கூசுகிறார். ஒருவருக்கு ஒலிவாங்கியைக் கண்டால் நடுக்கம். ஒருவரை எவரும் மேலே வாருங்கள் என்று கூப்பிடவேயில்லை. ஒருவருக்கு இரண்டு ஆண்டாக முழங்கால் வலி. கிடாரம் தூக்க இனி இயலாது, ஆனால் சொன்னால் யார் செய்வார்கள் என்று சொல்லாமல் இருக்கிறார். இவர்கள் எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களே. அடைத்ததற்குக் காரணம் வேறு வேறு. அடக்கம் என்று ஒரே பெயரை வைத்துவிட்டால், முழங்காலைப் பற்றிக் கேட்க வேண்டிய கடமையிலிருந்து நாம் தப்பிவிடுகிறோம். புகழ்ச்சியும் சில வேளைகளில் ஒருவரைப் பாராமல் இருப்பதற்கு ஒரு வழியாகிவிடுகிறது.

அந்தச் சறேப் பெண்மணியையும் இங்கே நினைத்துப் பாருங்கள். ஓராண்டு முழுவதும் குனிந்து புழுமண் பொறுக்கி நிறுத்தவர். ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து எழுதிய ஸ்கொட்டுக்கும் கிங்குக்கும் நூலிலே பெயர் உண்டு. இவர் வெறும் ஒரு பெண்மணி. எவ்வளவோ கேள்வி கேட்ட டார்வினின் நூலிலும் இப்படி ஒரு வரி இருக்கிறது.

இனி, இங்கே செயின்ட்-மிஷேலில் வாழ்கின்ற எமக்கு இந்தப் புழு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. எம் பிள்ளைகள் சிலர் அதை முதலில் பள்ளியில் கேட்டுவிட்டு வீட்டிலே வந்து சொல்கிறார்கள். தாத்தா மண்புழு உழவனின் நண்பன் என்கிறார். ஆசிரியர் மண்புழு காட்டுக்குக் கேடு என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. கடைசிப் பனியூழியிலே இந்த நிலம் முழுவதும் மிகத் தடித்த பனிப்பாளத்தின் கீழ்க் கிடந்தது. பனி விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. விலகியபின் மொன்றியல் இருக்கும் இடத்தைக் கடல் மூடியிருந்தது. பின்னர் எழுந்த காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. இன்று கியூபெக்கில் நாம் காணும் புழுக்களிற் பெரும்பாலானவை ஐரோப்பியரோடு வந்தவை. கப்பலிற் பாரத்துக்கு ஏற்றிய மண்ணிலும், செடிகளின் வேரோடும் அவை வந்து இறங்கின. மேப்பிள் காடுகளின் தரையிலே உதிர்ந்த இலைகள் பல ஆண்டுகளாக மெத்தைபோல் படிந்து, மெல்ல மெல்ல உக்கி, இளங்கன்றுகளுக்கும் பூண்டுகளுக்கும் பன்னங்களுக்கும் தொட்டிலாக இருக்கின்றன. புழு அந்த மெத்தையைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடுகிறது. தரை வெறுமையாகிறது, இளங்கன்றுகள் தவறிப்போகின்றன. டார்வின் வியந்த அதே வேலைதான். இலையை இழுத்து, மண்ணோடு கலந்து, மேலே தள்ளுதல். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழையும் பனையோலையும் வெட்டிச் செம்பாட்டு மண்ணிலே தாட்டது போன்ற வேலை. எமது வீட்டுப் பின்வளவிலே, குறுகிய கோடைக்குள் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் காய்க்கவேண்டிய பாத்தியிலே, அந்த வேலை நன்மை. இலையுதிர் காலத்தில் நாம் பேருந்து பிடித்து நிறம் பார்க்கப் போகின்ற லோரன்சியன் மலைக்காட்டிலே அதே வேலை கேடு.

புழு மாறவில்லை. அது அங்கே தீயதாகவும் இங்கே நல்லதாகவும் இருக்க உத்தேசிக்கவில்லை. அப்படியானால், நாங்கூழுக்கு நாம் கொடுத்த சான்றோர் பட்டத்தைக் காட்டின் எல்லையிலே பறித்துக்கொள்வதா? பட்டம் கொடுத்ததே அவசரம் என்று எமக்குப் படுகிறது. நன்மை அதன் மனதில் இல்லை. கேடும் அதன் மனதில் இல்லை. அது தன் பசிக்கும் குளிருக்கும் ஏற்ப நடந்துகொள்கிறது. தானாக ஊர்ந்தால் ஆண்டுக்குச் சில மீற்றர்கள்தான் அது பரவும். காட்டு ஏரிகள் வரை அதை வேகமாகக் கொண்டுபோனது மீன்பிடிக்கப் போனவரின் தூண்டிற் புழு டப்பா. மிஞ்சியதைக் கரையிலே கொட்டிவிட்டு வந்தார், நல்ல மனதோடு. பாவம், பிழைக்கட்டும் என்று. கேள்வி கேட்கவேண்டியது அவரிடம். அவரிடமும் கோபமாக அல்ல. அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

வந்தேறிப் புழு என்ற சொல் எம்மவர் காதில் ஒரு மாதிரி விழுகிறது என்பதை நாம் அறிவோம். நாமும் வந்து இறங்கியவர்களே. பிள்ளைகள் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவரும்போது சில பெற்றோரின் முகம் வாடுகிறது. சிலர் உடனே, புழு வந்துதான் இந்த நாட்டு வயல் செழித்தது, அதுபோல நாமும் என்று மறுமொழி சொல்கிறார்கள். அந்த மறுமொழியையும் நாம் ஏற்கவில்லை. புழுவை வைத்து எம்மைத் தாழ்த்துவது எவ்வளவு தவறோ, அதை வைத்து எம்மை உயர்த்துவதும் அவ்வளவு தவறு. புழு தான் வந்த இடத்தைப் பற்றி எவரிடமும் விசாரிக்க முடியாதது. நாம் விசாரிக்கலாம். ஒரு காட்டிலே கால் வைக்குமுன் இங்கே என்ன வளர்கிறது, எது நொந்துபோகும் என்று கேட்கலாம். எட்டயலிலே குடியிருக்கும் கிழவியிடம், இந்தத் தெருவிலே முன்பு என்ன இருந்தது என்று கேட்கலாம். கேட்டால் அவர், மிறோன் கற்குழியைப் பற்றிச் சொல்லக்கூடும். வெடி வைத்துச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழி. 1968 முதல் அதிலே குப்பை கொட்டினார்கள். 1984இல் நகரசபை அதை வாங்கியது. ஏறத்தாழ 4 கோடி தொன் குப்பை அதற்குள் கிடக்கிறது. அதன்மேல் மண் போட்டு, புல் வளர்த்து, 2017 முதல் பிரெடெரிக்-பாக் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். எம் பிள்ளைகள் அந்த வெள்ளை உருண்டைகளுக்கு நடுவே ஓடி விளையாடுகிறார்கள். அவை கீழே குப்பையிலிருந்து எழும் வாயுவை இழுக்கும் கிணறுகளின் மூடிகள் என்பது பலருக்குத் தெரியாது.

டார்வினின் கல்கத்தா நண்பர்கள் எழுதிய கிழக்கு நாட்டுப் புழுவின் இனத்தைச் சேர்ந்த சில, குதிக்கும் புழு என்ற பெயரோடு வட அமெரிக்காவிலே பரவியிருக்கின்றன. ஒன்ராறியோவிலும் கண்டிருக்கிறார்கள். தொட்டால் பாம்புபோல் நெளிந்து துள்ளும். கழுத்துப் பக்கத்திலே வெளிறிய வளையம் உடலைச் சுற்றி முழுமையாக இருக்கும். எம் வளவுகளில் எது இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. அதற்கு ஓர் எளிய முறை உண்டு. ஏறத்தாழ 4 லீற்றர் தண்ணீரிலே, ஒரு கோப்பையின் மூன்றில் ஒரு பங்கு கடுகுத்தூளைக் கரையுங்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலமுள்ள இடத்திலே புல்லையும் சருகையும் நீக்கிவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். காரம் தாங்காமல் புழுக்கள் சிறிது நேரத்தில் மேலே வரும். எண்ணி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி அதே பாத்தியில் விட்டுவிடுங்கள்; வேறெங்கும் கொண்டுபோக வேண்டாம். தூண்டிலுக்கு வாங்கிய புழு மிஞ்சினால் வீட்டுக் குப்பையோடு போடுங்கள், காட்டிலே விடவேண்டாம்.

வைகாசி, ஆனி மாதங்கள் இதற்கு உகந்தவை. சிறுவர்கள் திகதி, வளவின் இடம், எத்தனை புழு, எவ்வளவு நீளம் என்பவற்றை எழுதி, தமிழிலோ பிரெஞ்சிலோ எமக்குக் கடிதமாக அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம். எழுதியவர் பெயரையும் போடுவோம்; வேண்டாமென்றால் அதையும் கடிதத்திலே சொல்லிவிடுங்கள். ஊரிலே மாரி மழைக்குக் கிணற்றடியிலும் வாழைப்பாத்தியிலும் புழு கண்ட அம்மம்மாமார், அப்பப்பாமார் எம்மிடையே பலர் உண்டு. அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். கிங் குறித்த 2 அடி நீளப் புழுவை மலைநாட்டிலோ வன்னியிலோ நேரிற் கண்டவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கடிதத்தை முதலில் அச்சிடுவோம்.